கொரியா ஒன்று சேர்ந்தால் அக்கம்பக்கத்து வல்லரசுகள் என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகொரியா ஏவுகணை விட்டால் இரண்டு நாள் செய்தி வரும், அப்புறம் அடங்கிவிடும். அந்தத் தீபகற்பத்தில் தெற்கே சுமார் 5 கோடியே 17 லட்சம் பேரும் வடக்கே சுமார் 2 கோடியே 60 லட்சம் பேரும் ஒரே மொழி பேசிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் வாழ்கிறார்கள். அவர்கள் ஒன்று சேர முடியுமா, சேர்ந்தால் சீனா, அமெரிக்கா, ஜப்பான், ரஷ்யா என்ன செய்யும் என்று நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் இவை.

கொரியாவைப் பிரித்தது யார்?

கொரியர்கள் இல்லை. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் தறுவாயில், சோவியத் படை வடக்கிலிருந்து வேகமாக இறங்க ஆரம்பித்தது. ஜப்பானியப் படைகளின் சரணடைதலை எங்கே யார் ஏற்பது என்று முடிவு செய்ய வேண்டிய வேலை, ஆகஸ்ட் 10 நள்ளிரவு வாக்கில் வாஷிங்டனில் இரண்டு ராணுவ அதிகாரிகளிடம் வந்தது. டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்பவர்கள். கையில் இருந்தது நேஷனல் ஜியாகிரபிக் வெளியிட்ட ஒரு வரைபடம். கொடுத்த நேரம் அரை மணி. தலைநகர் சியோல் அமெரிக்கப் பக்கம் வர வேண்டும் என்று பார்த்து 38-வது அட்சரேகையைக் காட்டினார்கள். சோவியத் தரப்பு மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது.

தற்காலிக ஏற்பாடாகத்தான் அதை நினைத்தார்கள். ஆனால் 1948-ல் தெற்கே ஓர் அரசு, வடக்கே ஓர் அரசு. 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படை கோட்டைத் தாண்டியது. மூன்று வருடப் போர் 1953 ஜூலை 27 அன்று நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும், முடியவில்லை. எல்லையிலுள்ள பான்முன்ஜொம்மில் கையெழுத்தானது வெறும் போர்நிறுத்த உடன்படிக்கை. ஐ.நா. படைத்தலைமை, வடகொரியா, சீனத் தொண்டர் படை ஆகிய மூன்று தரப்பும் ஒப்பமிட்டன. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ ஒப்பமிட மறுத்தார். அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது.

இப்போதுள்ள எல்லை பழைய 38-வது கோடு அல்ல. போர் நின்ற இடத்தை ஒட்டி, சுமார் 250 கி.மீ. நீளமும் 4 கி.மீ. அகலமும் கொண்ட படைவிலக்கப் பகுதி அது. பெயர் அப்படி இருந்தாலும் அதன் இரு கரையிலும் உலகிலேயே மிக அதிகமான படைகள் எதிரெதிரே நிற்கின்றன.

1945-க்கு முன்பும் இந்தக் கதை உண்டு. 39-வது அட்சரேகைக்கு வடக்கே எங்கள் எல்லைவரை யாரும் படை வைக்கக் கூடாது என்று 1903-ல் ரஷ்யா ஜப்பானிடம் பேரம் பேசியது. அந்தப் பேரத்திலும் கொரியா ஒரு தரப்பாக இல்லை.

இரண்டு அரசுகளும் இன்னும் ஒன்று சேர விரும்புகின்றனவா?

வடக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிம் ஜாங் உன், இரு கொரியாக்களும் ஒரே இனத்தின் இரு பகுதிகள் அல்ல, ஒன்றையொன்று பகைக்கும் இரு நாடுகள் என்று அறிவித்தார். தாத்தா கிம் இல் சுங் காலத்திலிருந்து வந்த கொள்கையைப் பேரன் கைவிட்டார். வடக்கின் தலைநகர் பியாங்யாங்கின் நுழைவாயிலில், இரண்டு பெண்கள் தீபகற்பத்தின் வரைபடத்தைச் சேர்ந்து தூக்கிப் பிடித்தபடி நின்ற இணைப்பு வளைவு 2024 ஜனவரியில் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தெற்கோடு இணைத்த சாலைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

தெற்கின் அரசியலமைப்பு வேறு சொல்கிறது. அதன் 3-வது பிரிவு தீபகற்பம் முழுவதையும் தன் நிலப்பரப்பு என்கிறது. 4-வது பிரிவு அமைதி வழி இணைப்பைக் கடமையாக்குகிறது. அதனால்தான் வடக்கிலிருந்து தப்பி வருகிறவரை அங்கே அகதியாகப் பார்ப்பதில்லை, குடிமகனாக ஏற்கிறார்கள். இதுவரை சுமார் 34,000 பேர் வந்திருக்கிறார்கள். 2025 ஜூனில் அதிபரான லீ ஜே மியுங், வடக்கின் ஆட்சிமுறையை மதிப்பதாகவும் அதை விழுங்கி இணைக்கும் எண்ணம் இல்லை என்றும் சொன்னார்.

மக்கள் மனதும் மாறிக்கொண்டு வருகிறது. தெற்கில் போரைப் பார்த்த தலைமுறை குறைந்துவிட்டது. வேலை, வீட்டு வாடகை என்று தவிக்கும் இளைஞர்களில் பலர், இப்படியே அமைதியாகத் தனித்தனியாக இருந்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிம் ஏன் திடீரென்று மாறினார்?

திடீர் மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. தென்கொரிய மத்திய வங்கியின் மதிப்பீட்டில் வடக்கின் தலா வருமானம் தெற்கினுடையதில் முப்பதில் ஒரு பங்கு. இந்த நிலையில் இணைப்பு என்றால் யார் யாருக்குள் கரைவார்கள் என்பது கிம்முக்குத் தெரியும். எல்லை தாண்டி மெமரி கார்டுகளில் வரும் தென்கொரியத் தொடர்கள் அவருக்கு ஏவுகணையைவிடப் பெரிய அச்சம். 2020-ல் அந்நியப் பண்பாட்டைத் தண்டிக்க ஒரு சட்டம். 2023-ல் தெற்கத்திப் பேச்சுவழக்கைப் பேசுவதையே குற்றமாக்கி இன்னொரு சட்டம். பக்கத்து நாட்டுப் பேச்சு நம் பேச்சேதான் என்று மக்கள் உணரக் கூடாது என்றால், அது நம் இனமே இல்லை என்று சொல்வதுதான் அவருக்கு மிச்சமுள்ள வழி.

சீனா இணைப்பை எதிர்க்கிறதா?

வாயால் எதிர்ப்பதில்லை. சுயமான, அமைதியான இணைப்பை ஆதரிக்கிறோம் என்பதுதான் பெய்ஜிங்கின் பல்லாண்டு வாசகம். செயலில் அது காப்பாற்ற நினைப்பது இன்றைய நிலையை. காரணங்கள் பல. அவற்றைக் கலந்து குழப்பாமல் பார்க்க வேண்டும்.

முதலில் வரலாறு. 1950 இலையுதிர் காலத்தில் அமெரிக்கத் தலைமையிலான படை யாலு ஆற்றை நோக்கி முன்னேறியபோது சீனப் படை ஆற்றைக் கடந்து போரில் இறங்கியது. சீனாவின் அதிகாரபூர்வக் கணக்கிலேயே இறந்தவர் 1,97,000-க்கும் மேல். மாவோவின் மூத்த மகனும் அதில் ஒருவர். அவருடைய கல்லறை இன்றும் வடகொரிய மண்ணில்தான் இருக்கிறது. உதடு போனால் பல்லுக்குக் குளிரும் என்ற சீனப் பழமொழியைச் சொல்லித்தான் அந்த உறவை விளக்குவார்கள். 1961-ல் கையெழுத்தான பரஸ்பர உதவி ஒப்பந்தம் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வருகிறது; கடைசியாக 2021-ல்.

அடுத்தது எல்லை. சீனாவும் வடகொரியாவும் யாலு, தூமன் ஆறுகளை ஒட்டி சுமார் 1,400 கி.மீ. எல்லையைப் பகிர்கின்றன. வடக்கு நிலைகுலைந்தால் மக்கள் முதலில் கடப்பது அந்த ஆறுகளைத்தான். தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணிவெடி. ஆற்றுக்கு அப்பால் ஜிலின் மாகாணத்தில் யான்பியன் என்ற கொரியத் தன்னாட்சிப் பகுதியே இருக்கிறது. வலுவான ஒரே கொரியா உருவானால், 1962-ல் பெக்டு மலை உச்சி ஏரியைப் பங்கிட்ட எல்லை ஒப்பந்தத்தை அது மறுபடி கிளறுமோ என்ற கவலையும் பெய்ஜிங்குக்கு உண்டு. 2000-களில், இன்றைய வடகொரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் பரவியிருந்த பழைய கோகுர்யோ அரசு யாருடைய வரலாறு என்று சியோலும் பெய்ஜிங்கும் மோதிக்கொண்டது வெறும் புத்தகச் சண்டை அல்ல.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கவலை இருக்கிறது: அமெரிக்கப் படை. மற்றவற்றைப் பேசித் தீர்க்கலாம், இது தீராமல் எதுவும் நகராது என்பது என் கணிப்பு.

அப்படியானால் அமெரிக்கப் படை வெளியேறினால் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். இப்போது தெற்கில் சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள் இருக்கிறார்கள். 1953 அக்டோபரில் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தம் அதற்கு அடிப்படை. சியோலுக்குத் தெற்கே பியொங்டேக்கில் உள்ள ஹம்ப்ரீஸ் முகாம் வெளிநாட்டில் அமெரிக்காவுக்கு இருக்கும் மிகப்பெரிய தளம். மஞ்சள் கடலைத் தாண்டினால் சீனா.

இவ்வளவும் வடக்கின் மிரட்டலுக்காக என்பதுதான் சொல்லப்படும் காரணம். வடகொரியாவே இல்லாமல் போனால்? அமெரிக்கப் படை போகலாம் என்கிறது பெய்ஜிங். வாஷிங்டனுக்கோ இது ஆசியாவில் கால் வைத்திருக்கும் இடம். கொரியர்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. 2000 ஜூனில் பியாங்யாங்கில் நடந்த உச்சி மாநாட்டுக்குப் பிறகு தென்கொரிய அதிபர் கிம் டே ஜுங் ஒரு செய்தி சொன்னார்: இணைந்த பின்னும் அமெரிக்கப் படை இருப்பது நல்லது என்பதை அப்போதைய வடகொரியத் தலைவர் கிம் ஜாங் இல் தன்னிடம் ஒப்புக்கொண்டார் என்று. சுற்றிலும் பெரிய நாடுகள் இருக்கும் சிறிய நாட்டுக்குத் தூரத்து நண்பன் ஒருவன் வேண்டும் என்ற கணக்கு அது.

நடுவே ஒரு யோசனை உண்டு. படை இருக்கட்டும், பழைய எல்லைக்கு வடக்கே வர வேண்டாம் என்பது. 1990-ல் பழைய கிழக்கு ஜெர்மனி மண்ணில் அந்நியப் படையும் அணு ஆயுதமும் கூடாது என்று எழுதியது போல. காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் 2017-ல் தென்கொரியாவின் சொங்ஜுவில் அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுத்தியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதன் ரேடார் தங்கள் நாட்டுக்குள் எட்டிப் பார்க்கும் என்று சீனா கொதித்தது. இடம் கொடுத்த தென்கொரிய லோட்டே நிறுவனத்தின் கடைகள் சீனாவில் வரிசையாக மூடப்பட்டன, கொரியாவுக்குச் சுற்றுலாக் குழுக்கள் போவது நின்றது. ஒரு ரேடாருக்கே இப்படி என்றால், யாலு கரை வரை அமெரிக்காவின் நட்பு நாடு என்பதை ஏற்க எவ்வளவு உத்தரவாதம் தேவைப்படும்!

அமெரிக்கா இணைப்பை உண்மையிலேயே விரும்புகிறதா?

தெற்கின் தலைமையில், ஜனநாயக நாடாக, அணு ஆயுதம் இல்லாமல் என்றால் ஆம். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாஷிங்டனின் உற்சாகம் குறைந்துவிடும். போர்க்காலத்தில் தென்கொரியப் படையை நடத்தும் அதிகாரம் இன்றும் அமெரிக்கத் தளபதி தலைமை வகிக்கும் கூட்டுப் படைத்தலைமையிடம்தான் இருக்கிறது. இணைப்பு என்றால் அதையும் பேசியாக வேண்டும்.

ஜப்பான் எதற்கு அஞ்சுகிறது?

கொரியத் தீபகற்பம் ஜப்பானின் நெஞ்சை நோக்கி நீட்டிய கத்தி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் மெய்ஜி பேரரசர் காலத்திலிருந்து சொல்லப்படும் பேச்சு. இன்றைய அச்சம் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. ஏழரைக் கோடிக்கு மேல் மக்கள், தெற்கின் தொழில்நுட்பம், வடக்கின் கனிமங்கள், 35 ஆண்டு அடிமைப்பட்ட நினைவு, தீராத டோக்டோ தீவுத் தகராறு. இவை ஒரே நாட்டில் சேர்ந்தால் அந்த நாடு டோக்கியோ பக்கம் சாயுமா, பெய்ஜிங் பக்கம் சாயுமா?

இணைப்பின் செலவில் ஜப்பானுக்கு ஒரு பங்கு வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965-ல் உறவைச் சீராக்கியபோது தெற்குக்கு 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் கொடுத்தது. வடக்கோடு அப்படி ஒரு கணக்கு இன்னும் முடியவில்லை. 1970, 80-களில் கடத்தப்பட்ட தன் குடிமக்கள் என்று ஜப்பான் அதிகாரபூர்வமாகப் பட்டியலிட்டிருக்கும் 17 பேரில் ஐந்து பேர்தான் 2002-ல் திரும்பினார்கள். மற்றவர்களின் பெற்றோர் பலர் காத்திருந்தே இறந்துபோனார்கள்.

ரஷ்யாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

வடகொரியாவோடு அதன் எல்லை வெறும் 17 கி.மீ. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ரஷ்யாவைத்தான் இணைப்பால் அதிகம் லாபம் பெறும் நாடு என்று சொல்லியிருப்பேன். சைபீரிய ரயில் பாதையைக் கொரியாவின் தெற்கு முனையான பூசான் வரை நீட்டுவது, எரிவாயுக் குழாய் பதிப்பது என்று திட்டங்கள் இருந்தன. ரஷ்ய எல்லை ஊரான காசான் முதல் வடகொரியாவின் ராஜின் துறைமுகம் வரையிலான 54 கி.மீ. ரயில் பாதையைப் புதுப்பித்து 2013-ல் திறந்தார்கள்.

உக்ரைன் போர் இதைப் புரட்டிப் போட்டது. 2024 ஜூனில் புடின் பியாங்யாங் போய்ப் பரஸ்பர உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வடகொரிய வீரர்கள் 10,000-க்கும் மேற்பட்டோர் ரஷ்யாவின் குர்ஸ்க் போர்முனைக்குப் போனார்கள். 2025 ஏப்ரலில் வடகொரியாவே அதை ஒப்புக்கொண்டது. முன்பு சீனாவை மட்டுமே நம்பியிருந்த கிம்முக்கு இப்போது இரண்டு வாசல். 2025 செப்டம்பர் 3 அன்று பெய்ஜிங் அணிவகுப்பில் ஷி ஜின்பிங்கின் ஒரு பக்கம் புடின், மறுபக்கம் கிம். தெற்கோடு பேச வேண்டிய தேவை கிம்முக்குக் குறைந்ததற்கு இதுவும் காரணம்.

வடக்கின் அணு ஆயுதங்கள் யாருக்குப் போகும்?

2006 முதல் 2017 வரை ஆறு முறை சோதித்த நாடு அது. இரு கொரியாக்களோடு இந்த நான்கு நாடுகளும் உட்கார்ந்த ஆறு தரப்புப் பேச்சு 2003-ல் தொடங்கி 2009-ல் நின்றுபோனது. இணைந்த கொரியா அவற்றை வைத்துக்கொள்வதை நால்வரில் ஒருவரும் ஏற்கமாட்டார்கள். நால்வரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் அதுதான்.

ஆபத்து வேறு இடத்தில். பேச்சுவார்த்தையால் இல்லாமல், ஆட்சி திடீரென்று சரிந்தால்? யொங்பியொன் அணு நிலையம் பியாங்யாங்குக்கு வடக்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஆயுதங்களைக் கைப்பற்ற அமெரிக்க, தென்கொரியப் படைகள் மேலே ஏறும்; அகதிகளைத் தடுக்கவும் அதே ஆயுதங்களைப் பிடிக்கவும் சீனப் படை கீழே இறங்கும். முன்கூட்டிப் பேசி வைக்காத இரண்டு படைகள் இருட்டில் சந்திக்கும் நிலை அது. 1950-ல் நடந்ததும் அப்படித்தான். இணைப்பைப் பற்றி இன்று பேசுவதே வேண்டாம் என்கிறவர்கள் இந்த ஒரு காட்சியையாவது மனதில் வைக்க வேண்டும்.

ஜெர்மனி சேர்ந்ததே, கொரியா ஏன் சேரக் கூடாது?

இரண்டு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மேற்கு ஜெர்மனியில் சுமார் நான்கு பேர் சேர்ந்து கிழக்கத்தியர் ஒருவரைத் தாங்கினார்கள். கொரியாவில் இரண்டு பேர் ஒருவரைத் தாங்க வேண்டும். அங்கே வருமான இடைவெளி இரண்டு மூன்று மடங்கு; இங்கே முப்பது மடங்கு. அப்படியிருந்தும் ஜெர்மனி முப்பது ஆண்டுகளில் லட்சம் கோடிக் கணக்கில் யூரோ கொட்டியது, மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை.

பணத்தைவிடப் பெரிய வித்தியாசங்கள் உண்டு. இரு ஜெர்மனிகளும் ஒன்றையொன்று கொன்றதில்லை. கிழக்கு ஜெர்மானியர் மேற்குத் தொலைக்காட்சியை வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள், கடிதம் போட்டார்கள். அப்புறம், கிழக்கைத் தாங்கிய வல்லரசு அப்போது பின்வாங்கிக்கொண்டிருந்தது. சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் மேற்கு ஜெர்மனியின் தலைவர் ஹெல்முட் கோல் பேசினார். சோவியத் படை ஊர் திரும்பவும் அவர்களுக்கு வீடு கட்டவும் 1,200 கோடி மார்க் கொடுக்க ஒப்புக்கொண்டார். 1990 செப்டம்பர் 12 அன்று மாஸ்கோவில் இரண்டு ஜெர்மனிகளும் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ் என்ற நான்கு வல்லரசுகளும் ஒப்பமிட்டன. ஜெர்மனி தன் படையை 3,70,000-க்குள் வைக்க ஒப்புக்கொண்டது, போலந்து எல்லையை நிரந்தரமாக ஏற்றது.

இன்றைய சீனா 1990-ன் சோவியத் யூனியன் இல்லை. பணம் கொடுத்து அனுப்பிவைக்க முடியாது. அமெரிக்கா இடம்பெற்ற நேட்டோ ராணுவக் கூட்டணி கிழக்கே நகராது என்று அப்போது வாய்மொழியாகச் சொல்லப்பட்டது ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்பதையும் பெய்ஜிங் கவனித்துத்தான் இருக்கிறது.

இருந்தாலும் ஜெர்மனியிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அந்தப் பேச்சில் இரண்டு ஜெர்மனிகளும் முன்னால் உட்கார்ந்தன, வல்லரசுகள் பின்னால். 1945-ல் கொரியாவுக்குக் கிடைக்காதது அந்த இருக்கைதான்.

நடுநிலை நாடாக அறிவித்துவிட்டால்?

ஆஸ்திரியாவை உதாரணம் காட்டுவார்கள். 1955-ல் ஜெர்மனி ஒப்பந்தத்தில் பார்த்த அதே நான்கு வல்லரசுகளின் படைகளும் வெளியேறின, அது நடுநிலை நாடானது. கொரியாவின் அனுபவம் கசப்பானது. 1904 ஜனவரியில் பேரரசர் கோஜோங் நடுநிலை அறிவித்தார். அடுத்த மாதமே ஜப்பானியப் படை இஞ்சொனில் கரையிறங்கியது. அடுத்த ஆண்டு கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடானது, 1910-ல் காணாமலே போனது. நடுநிலை என்பது அறிவிக்கிறவர் கையில் இல்லை, மதிக்கிறவர் கையில் இருக்கிறது. சீனா, அமெரிக்கா, ஜப்பான், ரஷ்யா நால்வரும் கையெழுத்திட்டுக் காவல் நிற்பதாக இருந்தால் ஒழிய எந்தக் கொரியரும் இதை நம்பமாட்டார்.

இந்தியாவுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

பலர் மறந்துவிட்ட தொடர்பு உண்டு. போரில் இந்தியா துப்பாக்கி அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. ஆர்க்காட்டுக்காரரான லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு அங்கே வேலை செய்தது. அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. போர் நின்றதும் ஊர் திரும்ப மறுத்த கைதிகளை விசாரித்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைவர். இரண்டு கொரியாவும் வேண்டாம் என்று சொன்ன சில கைதிகள் 1954-ல் இந்தியப் படையோடு கப்பலேறி இந்தியாவுக்கே வந்தார்கள். இன்றும் சியோல், பியாங்யாங் இரண்டிலும் தூதரகம் வைத்திருக்கும் நாடுகளில் இந்தியா ஒன்று.

வல்லரசுகள் ஒத்துக்கொள்ளும் வரை எதுவுமே செய்ய முடியாதா?

முடியும், செய்தும் பார்த்தார்கள். 2004 முதல் வடகொரிய எல்லை ஊரான கேசோங்கின் தொழிற்பூங்காவில் தெற்கின் 120-க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் வடக்கின் 50,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 2016 பிப்ரவரியில் தெற்கு அதை மூடியது. அதே ஊரில் 2018-ல் திறந்த தொடர்பு அலுவலகத்தை 2020 ஜூனில் வடக்கு வெடி வைத்துத் தகர்த்தது. இரு மொழிவழக்குகளையும் சேர்த்து ஓர் அகராதி உருவாக்க இரு பக்கத்து அறிஞர்களும் 2005-ல் உட்கார்ந்தார்கள். அதுவும் பாதியில் நிற்கிறது.

இவை எதற்கும் எந்த வல்லரசின் ஒப்பமும் முழுமையாகத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது சியோலும் பியாங்யாங்கும் ஒரே நேரத்தில் பொறுமையாக இருப்பது. அது ஒன்றாக அமைந்த ஆண்டுகள் மிகக் குறைவு.

பிரிந்த குடும்பங்கள் இப்போதாவது சந்திக்கிறார்களா?

இல்லை. உறவினரைப் பார்க்க வேண்டும் என்று தெற்கில் பதிவு செய்தவர்கள் 1,30,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். இருப்பவர்களில் அதிகம் பேர் எண்பதைத் தாண்டியவர்கள். 2000 முதல் 2018 வரை 21 முறை நேரில் சந்திக்க வைத்தார்கள். குலுக்கலில் பெயர் வந்தவருக்கு மட்டும், சில நாட்கள், அதிலும் சேர்ந்திருப்பது சில மணி நேரம். கடைசி நாள் பேருந்துக் கண்ணாடிக்கு உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. அதற்குப் பிறகு கடிதம் கிடையாது, தொலைபேசி கிடையாது.

கடைசிச் சந்திப்பு 2018 ஆகஸ்டில் வடகொரியாவின் கும்காங் மலையில் நடந்தது. இதற்கென்றே அங்கே தெற்கு கட்டிக்கொடுத்த கட்டடத்தை 2025 தொடக்கத்தில் வடக்கு இடிக்க ஆரம்பித்தது.